பஸ் ஓட்டுநர் மகன் லண்டன் மேயர் ஆன கதை: சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் என் வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் படிவம் 5 பிள்ளைகளுக்கு மேற்படிப்பு பற்றிக் கொஞ்சம் பேசுவேன். ஒரு வாரம் லண்டன் மேயர் சாதிக் கானைப் பற்றிப் பேசினேன். அதற்கு மறுநாளிலிருந்தே வாட்சாப்பில் கேள்விகள் வரத் தொடங்கின. பிள்ளைகள் மட்டுமில்லை, அம்மா அப்பாக்களும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக்கொண்டிருந்தால் என் வேலை நடக்காது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதிவிட்டேன்.

சாதிக் கான் யார், சுருக்கமாகச் சொல்லுங்கள் சார்?

1970 அக்டோபர் 8 அன்று தெற்கு லண்டனின் டூட்டிங் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் 1968இல் பாகிஸ்தானிலிருந்து குடியேறியவர்கள். அப்பா பஸ் ஓட்டுநர், அம்மா தையல் வேலை செய்தவர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. வழக்கறிஞராக இருந்து, நகர மன்ற உறுப்பினராகி, நாடாளுமன்றம் போய், 2016 மே மாதம் லண்டன் மேயர் ஆனார். 2021, 2024 என்று மேலும் இரண்டு முறை வென்றார். மூன்று முறை வென்ற லண்டன் மேயர் இதுவரை இவர் ஒருவர்தான்.

அவரும் எஸ்டேட்டில் வளர்ந்தவர் என்கிறார்கள். லண்டனில் ஏது ரப்பர் தோட்டம்?

இதைக் கேட்டது ஒரு படிவம் 4 மாணவி. சிரிக்காதீர்கள், எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான்.

அவர் வளர்ந்த இடத்தின் பெயர் ஹென்றி பிரின்ஸ் எஸ்டேட். பால்மரமும் கிடையாது, செம்பனையும் கிடையாது. லண்டனில் எஸ்டேட் என்றால் நகர மன்றம் கட்டி வாடகைக்கு விடும் அடுக்குவீட்டுக் குடியிருப்பு. மூன்று அறை வீட்டில் எட்டுப் பிள்ளைகள். இருபது வயது தாண்டி வீட்டை விட்டுப் போகும் வரை, அண்ணன் தம்பியோடு இரட்டை அடுக்குக் கட்டிலில்தான் படுத்தாராம். நம் லயத்து வீட்டுக் கதையைப் போலவே இருக்கிறது என்று அந்தப் பிள்ளையின் அம்மா சொன்னார். நெரிசல் அப்படித்தான், நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். லயத்து வீடு தோட்டக் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் விற்கப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு வந்தன என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூரை ஒழுகினால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்லலாம், அவருக்கு மேலே யாரிடம் போய்ச் சொல்வது? சாதிக் கான் குடும்பம் இருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் நகர மன்றம். அந்த மன்றத்தை அங்கே குடியிருப்பவர்களே ஓட்டுப் போட்டு வைக்கலாம், மாற்றலாம். இவர் 23 வயதில் முதன்முதலாக வென்ற பதவியும் அதே வான்ஸ்வர்த் வட்டார மன்றத்தில்தான். வாடகைக்கு இருந்த வீட்டுப் பையன், வீட்டுக்காரரின் மேசையிலேயே போய் உட்கார்ந்தான்!

முதலில் டாக்டருக்குப் படிக்க நினைத்தவராமே?

பல் மருத்துவர் ஆக வேண்டும் என்றுதான் ஆசை. கணிதம், வேதியியல், உயிரியல் எடுத்துப் படித்தார். எப்போது பார்த்தாலும் வாதம் செய்கிறாய், நீ சட்டம் படி என்று ஓர் ஆசிரியர் திருப்பிவிட்டார். வழக்கறிஞர்களைப் பற்றிய ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரும் சேர்ந்து மனதை மாற்றியது. இங்கே நம் வீடுகளில் எதிர்த்துப் பேசும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய பெயர் எடுத்த பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை என்பதையும் பெற்றோர் குறித்துக்கொள்ளுங்கள். வட லண்டன் பல்கலைக்கழகத்தில்தான் சட்டம் படித்தார். பத்திரிகை போட்டது, கட்டுமான இடத்தில் கூலி வேலை, ஒரு பெரிய பல்பொருள் கடையில் சனிக்கிழமை வேலை என்று எல்லாம் பார்த்திருக்கிறார். மனைவி சாதியாவும் வழக்கறிஞர். அவருடைய அப்பாவும் பஸ் ஓட்டுநர் என்பது கூடுதல் செய்தி.

வழக்கறிஞராக என்ன மாதிரி வழக்குகள் எடுத்தார்?

தொழில் முறையில் எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

1994இல் மனித உரிமை வழக்குகள் நடத்தும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். மூன்றே ஆண்டில், 27 வயதில், பங்குதாரர் ஆகிவிட்டார். பின்னாளில் நிறுவனத்தின் பெயரிலேயே கான் சேர்ந்தது. பெரும்பாலும் போலீஸ் மீதான புகார்கள், வேலையிடத்துப் பாகுபாடு, சிறைக்கைதிகளின் உரிமை இப்படிப்பட்டவை. வீடு வாங்குவது விற்பது, கடன் பத்திரம் என்று காசு வருகிற வேலை கிடையாது. நான் பிழைப்பது என்னவோ அந்தக் கடன் பத்திரங்களில்தான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். போலீசார் தன்னைத் தாக்கி, இனத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று ஒரு முடிதிருத்துநர் லண்டன் போலீஸ் மீது வழக்குப் போட்டார். நடுவர் குழு 2,20,000 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் அதை 35,000 ஆகக் குறைத்தது. தோல்வி மாதிரி தெரிகிறதா? அந்தத் தீர்ப்பில்தான், போலீஸ் தவறு செய்தால் எந்த அளவுக்கு இழப்பீடு கொடுக்கலாம் என்ற வழிமுறை எழுதப்பட்டது. அதற்குப் பின் வந்த வழக்குகள் எல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தன. வழக்குப் போட்டவருக்குக் கிடைத்த தொகை குறைந்தது, சட்டத்துக்குக் கிடைத்தது பெரிது.

இன்னொன்று அவருக்கே பின்னால் இடித்தது. அமெரிக்காவின் லூயிஸ் ஃபராகான் என்ற மதத் தலைவர் பிரிட்டனுக்குள் வர 1986 முதல் தடை இருந்தது. யூதர்களுக்கு எதிராகப் பேசியவர் என்ற குற்றச்சாட்டு அவர் மீது உண்டு. அந்தத் தடையை எதிர்த்த வழக்கை இவர் எடுத்தார். 2001இல் உயர் நீதிமன்றத்தில் வெற்றி, 2002இல் மேல்முறையீட்டில் தோல்வி. 2016 தேர்தலில் எதிர்த்தரப்பு இதையெல்லாம் கிளறி, தீவிரவாதிகளோடு பழகியவர் என்று பிரச்சாரம் செய்தது. வழக்குக் கொடுத்தவரின் கருத்து வழக்கறிஞரின் கருத்து ஆகாது. இது சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டுப் பாடம். ஓட்டுக் கேட்கும் இடத்தில் அந்தப் பாடம் எடுபடுவதில்லை.

போலீஸ் மீது வழக்குப் போட்டவர், மேயர் ஆனதும் போலீசை எப்படி நடத்தினார்?

லண்டன் மேயருக்குப் போலீசை மேற்பார்வையிடும் பொறுப்பும் உண்டு. எந்தத் துறை மீது வழக்குகள் நடத்தினாரோ, அதே துறையின் வரவு செலவு இவர் மேசைக்கு வந்தது. 2022 பிப்ரவரியில், போலீஸ் தலைவர் கிரெசிடா டிக் மீது தனக்கு நம்பிக்கை இல்லை என்று இவர் தெரிவித்ததும் அவர் பதவி விலகினார். சிலர் துணிச்சல் என்றார்கள், சிலர் அத்துமீறல் என்றார்கள். எனக்கு அதில் பழைய வழக்கறிஞர் தெரிந்தார்.

சட்டத்திலிருந்து அரசியலுக்கு எப்படித் தாவினார்?

தாவவில்லை அம்மா, படிப்படியாகத்தான் ஏறினார். வழக்கறிஞர் வேலையும் மன்ற உறுப்பினர் பதவியும் ஒரே 1994இல்தான் தொடங்கின. பகலில் நீதிமன்றம், மாலையில் குப்பை எடுக்கவில்லை, லிஃப்ட் வேலை செய்யவில்லை என்ற புகார்கள். மன்றத்தில் 2006 வரை, 12 ஆண்டுகள் இருந்தார். 2005இல் டூட்டிங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். முதல் ஆண்டிலேயே, தன் சொந்தக் கட்சி அரசு கொண்டுவந்த ஒரு மசோதாவின் பிரிவை எதிர்த்து ஓட்டுப் போட்டார். பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடித்தவரைக் குற்றம் சாட்டாமல் 90 நாள் வரை வைத்திருக்கலாம் என்றது அந்தப் பிரிவு. அது தோற்றது.

விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்த நமக்கு அந்த 90 நாள் கொஞ்சமாகத் தோன்றலாம். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராஃப் என்ற இந்தியர் உரிமை இயக்கத்தின் ஐவரை விசாரணை இல்லாமல் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைத்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள்தான். 1960இல் வந்த அந்தச் சட்டம் 2012இல்தான் போனது.

சாதிக் கான் 2009இல் போக்குவரத்துத் துறை இணையமைச்சர் ஆனார். பிரிட்டிஷ் அமைச்சரவைக் கூட்டத்தில் உட்கார்ந்த முதல் முஸ்லிம். ராணியின் ஆலோசனைக் குழுவில் சத்தியப்பிரமாணம் எடுக்க எந்த பைபிள் வேண்டும் என்று அரண்மனையிலிருந்து கேட்டார்களாம். குர்ஆன் வேண்டும் என்றார். அங்கே இல்லை. தன்னுடையதைக் கொண்டுபோய்ப் பிரமாணம் எடுத்து, அடுத்து வருபவருக்கு உதவும் என்று அதை அரண்மனையிலேயே விட்டுவிட்டு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

லண்டனில் லார்ட் மேயர் என்று ஒருவர் தங்கச் சங்கிலி போட்டு வருவாரே, அவர் இவர்தானா?

இல்லை. அவர் சிட்டி எனப்படும் பழைய ஒரு சதுர மைல் வட்டாரத்தின் தலைவர். ஆண்டுக்கு ஒருவர், பெரும்பாலும் சடங்குப் பதவி. சாதிக் கான் வகிப்பது 2000இல்தான் உருவான, முழு லண்டனுக்குமான பதவி. இவருக்கு முன் இரண்டே பேர்: கென் லிவிங்ஸ்டன், போரிஸ் ஜான்சன். பஸ், ரயில், போலீஸ், தீயணைப்பு, வீடமைப்புத் திட்டங்கள் இவர் பொறுப்பு. குப்பை, பள்ளிக்கூடம், நூலகம் போன்றவற்றை 32 வட்டார மன்றங்களும் சிட்டியும் பார்த்துக்கொள்கின்றன.

காருக்குப் புகைக் கட்டணம் போட்டாராமே, ஏழை ஜனங்கள் என்ன செய்வார்கள்?

லோரி ஓட்டும் ஓர் அப்பா கோபமாகவே கேட்டார். அந்தக் கோபம் நியாயமானது.

யூலெஸ் என்று பெயர். புகைத் தரத்தில் தேறாத பழைய வண்டியை அந்த வட்டாரத்துக்குள் ஓட்டினால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு, நம் காசில் கிட்டத்தட்ட 70 ரிங்கிட். 2019 ஏப்ரலில் நகரின் நடுவில் மட்டும் வந்தது. 2021இல் விரிந்தது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும். டீசல் என்றால் ஏறக்குறைய 2015க்குப் பிந்தையது, பெட்ரோல் என்றால் 2006க்குப் பிந்தையது தேறும். என் 2003 புரோட்டோன் வாஜாவை அங்கே ஓட்டினால் பெரும்பாலும் தினமும் கட்ட வேண்டியிருக்கும்.

வெளிவட்டாரங்களில் வேன் வைத்துப் பிழைக்கும் தொழிலாளிகள் கொதித்தார்கள். கேமராக்களை வெட்டிப் போட்டார்கள். 2023 ஜூலையில் நடந்த ஓர் இடைத்தேர்தலில் இவர் கட்சி தோற்றதற்கு இதுதான் காரணம் என்று அவர் கட்சிக்காரர்களே சொன்னார்கள். பழைய வண்டியைக் கழிக்க உதவித்தொகை கொடுத்தார், ஆனால் பின்வாங்கவில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம்? 2014 லண்டன் மராத்தானுக்குப் பயிற்சி எடுத்தபோது, நாற்பதைத் தாண்டிய வயதில் தனக்கு ஆஸ்துமா வந்ததைக் கண்டுபிடித்தார் என்பது ஒன்று. தென்கிழக்கு லண்டனில் பரபரப்பான சாலை ஓரம் வாழ்ந்து 2013இல் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தது இன்னொன்று. கார் வாங்க வசதி இல்லாதவர்கள்தான் பெரிய சாலை ஓரத்தில் குடியிருந்து அந்தப் புகையை மூச்சில் இழுக்கிறார்கள் என்பது அவர் வாதம். என் கருத்தைக் கேட்டால், நோக்கம் சரி, வேன்காரர்களுக்கான உதவி முன்கூட்டியே தாராளமாக வந்திருக்க வேண்டும்.

அப்பா பஸ் ஓட்டியவர் என்பதற்காக பஸ்ஸுக்கு ஏதாவது செய்தாரா?

2016 செப்டம்பரில் ஒரு திட்டம் வந்தது. ஒரு பஸ் கட்டணம் கட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ் இலவசம். 2018 முதல் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் துப்புரவுத் தொழிலாளிக்கு இது பெரிய விஷயம். 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச மதிய உணவும் கொண்டுவந்தார்.

அப்படியானால் எல்லாருக்கும் அவரைப் பிடிக்குமா?

எங்கே? கத்திக்குத்து வன்முறையைக் கட்டுப்படுத்தவில்லை, வாடகை விண்ணைத் தொடுகிறது, பயணக் கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் உயர்த்தாமல் வைத்துப் போக்குவரத்து நிறுவனத்தின் வருமானத்தைக் குறைத்துவிட்டார் என்றெல்லாம் குறை உண்டு. அவர் காலத்தில் திறக்கப்பட்டு அவருக்குப் பெயர் வாங்கித் தந்த எலிசபெத் ரயில் பாதை முந்தைய மேயர்கள் காலத்துத் திட்டம், அதுவும் 2018 டிசம்பரில் வர வேண்டியது 2022 மே மாதம்தான் வந்தது. ஓட்டுக் கணக்கையும் பாருங்கள். 2016இல் 13 லட்சத்துக்கு மேல், 2021இல் சுமார் 12 லட்சம், 2024இல் சுமார் 10.9 லட்சம். முதல் இரண்டு முறை இரண்டாம் விருப்ப ஓட்டும் எண்ணப்பட்டது, 2024இல் அந்த முறை இல்லை. இருந்தாலும் மூன்று முறையும் வெற்றி வெற்றிதான்.

டிரம்ப் ஏன் அவரை அடிக்கடி திட்டுகிறார்?

முஸ்லிம்களை அமெரிக்காவுக்குள் விடக்கூடாது என்ற டிரம்பின் பேச்சை இவர் கண்டித்ததில் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

அவர் இப்போது சர் பட்டம் வாங்கியவராமே?

ஆமாம், 2025 புத்தாண்டுப் பட்டியலில் அறிவித்தார்கள். அங்கே மூன்று தேர்தலில் வென்ற பிறகு பட்டம் வந்தது. நம் ஊரில் மேயர் பதவியின் பெயரிலேயே டத்தோ என்ற பட்டம் இருக்கிறது, டத்தோ பண்டார்.

நம் நாட்டில் மேயரை ஏன் நாம் தேர்ந்தெடுப்பதில்லை?

முன்பு தேர்ந்தெடுத்தோம். இதைச் சொன்னால் மண்டபத்தில் பாதிப் பேர் நம்பவில்லை.

1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது, 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில். நாடாளுமன்றத் தேர்தலுக்கே அது முன்னோடி. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவோடு மோதல் நடந்த காலத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் நம் தமிழர், வழக்கறிஞர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் தொடர வேண்டும் என்று 1968இல் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976இல் ஊராட்சிச் சட்டம் வந்து, நியமன முறை நிரந்தரமானது. அதன்படி ஒரு மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம், நியமிப்பது மாநில அரசு. கோலாலம்பூர் டத்தோ பண்டாரை நியமிப்பது கூட்டரசு.

சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. கால்வாய் அடைத்துக்கொண்டால் உறுப்பினருக்குப் போன் செய்யலாம். நல்லவராக இருந்தால் ஆள் அனுப்புவார். என் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கால்வாய்க்காக நான் மூன்று முறை போன் செய்திருக்கிறேன். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

நம் ஆட்கள் யாராவது மேயராக இருந்திருக்கிறார்களா, தம்பி?

இருந்திருக்கிறார்கள் அம்மா. 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரானது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர், தொழில் ஆசிரியர். பினாங்கில் ஸ்காட் சாலைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

வழக்கறிஞர்தான் வேண்டும் என்றால் பக்கத்து ஈப்போவைப் பாருங்கள். டி. ஆர். சீனிவாசகமும் அண்ணன் எஸ். பி. சீனிவாசகமும் லண்டனில் சட்டம் படித்தவர்கள். அவர்களுடைய கட்சி 1953இல் தொடங்கியது, ஈப்போ நகராட்சி பல ஆண்டுகள் அதன் கையில் இருந்தது. ஒரு கல்வியமைச்சர் லஞ்சம் வாங்கினார் என்று டி. ஆர். நாடாளுமன்றத்தில் சொன்னார். வெளியே வந்து சொல்லிப் பார் என்றார்கள். நாடாளுமன்றத்துக்குள் பேசினால் வழக்குப் போட முடியாது, வெளியே பேசினால் போடலாம். அவர் வெளியேயும் சொன்னார். அமைச்சர் வழக்குப் போட்டார், தோற்றார், 1965இல் பதவி விலகினார். டி. ஆர். 1969இல் காலமானார். ஈப்போவில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஊஞ்சலுக்கு அழைத்துப் போகும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப்பலகையைப் படித்திருக்கிறோம்?

என் அண்ணன் லண்டனில் படிக்கிறான். அவன் அங்கே ஓட்டுப் போடலாமா?

போடலாம். மலேசியா காமன்வெல்த் நாடு. முறையான விசாவோடு லண்டனில் குடியிருக்கும் காமன்வெல்த் குடிமகன், 18 வயதானவன், வாக்காளராகப் பதிந்துகொண்டு மேயர் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அடுத்தது 2028 மே மாதம். சுங்கை சிப்புட் பையன் லண்டன் மேயரைத் தேர்ந்தெடுக்கலாம், கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடியாது. இதைச் சொன்னதும் மண்டபத்தில் ஒரு தாத்தா எழுந்து, மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சரி சார், இங்கிருந்து வழக்கறிஞர் ஆக என்ன செய்ய வேண்டும்?

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் மலாய் மொழியைக் கவனமாகப் படியுங்கள், நீதிமன்றத்தில் அதுதான் சோறு போடும். எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பை முடித்து மலாயா பல்கலைக்கழகம், யுகேஎம் எனப்படும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தால் செலவு குறைவு. வெளிநாட்டுப் பட்டம் என்றால் பொதுவாக சிஎல்பி என்ற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும். கடினமான தேர்வு, நான் இரண்டாவது முறைதான் தேறினேன். அப்புறம் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் சேம்பரிங். அந்த ஒன்பது மாதத்தில் சம்பளம் சொற்பம், கோப்புத் தூக்குவது அதிகம். கறுப்புக் கோட்டை மட்டும் புதிதாக வாங்காதீர்கள். என்னிடம் இரண்டு பழைய கோட்டுகள் இருக்கின்றன, ஒன்று ஒல்லியான பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.